வெரி நைஸ், தேங்க் யூ சார்

என் வயசுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஓட்டலில் போய் உட்கார்ந்ததும் உங்கள் வாயில் முதலில் வருகிற இங்கிலீஷ் வார்த்தை எது? நாம் இங்கிலீஷ் படித்துவிட்டு ஓட்டலுக்குப் போனவர்கள் இல்லை. ஓட்டலுக்குப் போய்த்தான் பாதி இங்கிலீஷைப் படித்தோம். 'மீல்ஸ் ரெடி' என்ற பலகையைப் பார்த்துத்தான் 'ரெடி' எனக்குத் தெரிய வந்தது. பார்சல், பில், டோக்கன், சைடு டிஷ், ஃபேமிலி ரூம், ஃபுல், ஹாஃப், ஒன் பை டூ என்று எழுதிக்கொண்டே போனால் ஒரு நோட்டு நிரம்பும். வீட்டில் சோறு, கல்யாணத்தில் சாப்பாடு, ஓட்டலில் மட்டும் மீல்ஸ். அதே அரிசிதான், அதே சாம்பார்தான். யார் முதலில் இப்படிப் பேர் வைத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இவ்வளவு வார்த்தைகளையும் கூச்சமில்லாமல் சொல்கிற நான், ஒரே ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன். சாப்பிட்டு முடித்ததும் சீருடை போட்ட பையன் வந்து, சாப்பாடு எப்படி இருந்தது என்று இங்கிலீஷில் கேட்பான். மேசையில் இருக்கிற எல்லோரும் 'நைஸ், நைஸ்' என்பார்கள், பாதிப்பேர் போனிலிருந்து தலையைக்கூட எடுக்காமல். நான் மட்டும் "சாப்பிட்டேன்பா" என்பேன். "அம்மா, ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவே?" என்று மகள் பல்லைக் கடிப்பாள். அவளுக்கு நான் காரணம் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், கேட்டுவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட இரண்டு மாதம். காசிமேட்டுக் கரைக்குப் பக்கத்தில் ஒரு சந்து. ஒரு வரிசையில் எங்களைப் போல் கடலுக்குப் போகிறவர்கள் வீடு, எதிர் வரிசையில் வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருந்த பாய் ஒருவர் வீடு. விடிந்தால் டீசல் வாடையும் மீன் வாடையும் சேர்ந்து வரும். காற்று வடக்கேயிருந்து அடித்தால் எண்ணூர்ப் பக்கத்துப் புகை வந்து, கொடியில் காய்கிற துணியில் கரி உட்காரும். அதை உதறாமல் யாரும் சட்டை போட்டதில்லை.

நைனா போட்டில் போகிறவர். அம்மா மீன் விற்றாள். ஏலத்தில் எடுத்து, கூடையில் அடுக்கி, தலையில் ஏற்றிக்கொண்டு தண்டையார்பேட்டைத் தெருக்களில் வீடு வீடாகப் போவாள். மதியம் திரும்பி வரும்போது கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே வருவாள். பின்கழுத்தில் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கும். டாக்டர், "தலையில சுமக்கறதை நிறுத்தும்மா, இல்லாட்டி ஒரு நாள் கழுத்து நிமிராது" என்று சொல்லியிருந்தார். "நிறுத்திட்டு இன்னாத்த துன்றது?" என்று அவரிடமே கேட்டுவிட்டு வந்தவள் அவள்.

கரைக்கு தினமும் ஒருவர் வருவார். மவுண்ட் ரோடு பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பெரிய ஓட்டலுக்குச் சாமான் வாங்குகிறவர். அவரை நாங்கள் ஓட்டல் சார் என்போம். ஒரு நாள் அம்மாவின் கூடையைப் பார்த்து ஒரு வவ்வால் மீனைக் கையில் எடுத்தார்.

"அத்த வெச்சிடு சார். நேத்து மீனு, ஐஸ்ல கெடந்தது. கருவாட்டுக்குத்தான் ஆவும்" என்றாள் அம்மா.

"நீயே இப்படிச் சொன்னா யாரும்மா உங்கிட்ட வாங்குவாங்க?"

"இன்னிக்கு வாங்க மாட்டாங்க சார். நாளைக்கு வாங்குவாங்க."

அவர் சிரித்தார். அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாள் சும்மா வந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் விஷயத்தை உடைத்தார். ஓட்டலுக்கு மீன் போட ஆள் வேண்டும். வேன் கரைக்கே வரும். அம்மா ஏலத்தில் பார்த்து எடுத்து வைத்தால் போதும், சுமக்க வேண்டாம். அம்மா அந்தச் செய்தியோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்ததும், காலிக் கூடையை ஒரு காலால் தள்ளிவிட்டதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "இத்த இனிமே கோழி அடைக்க வெச்சிக்கலாம்" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று. அந்த ஓட்டல் முதலாளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. பால் ஊற்றுகிறவரானாலும் கறி போடுகிறவரானாலும், சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் அவருடைய கூடத்தில் வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முதலாளி நேரில் வந்து பேசுவார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தள்ளி அம்மாவுக்கு முறை.

"அங்க இங்கிலீஷ்ல பேசுவாங்களா சார்?" என்று அம்மா கேட்டாளாம்.

"வர்றவங்க பெரிய மனுஷங்கம்மா. கொஞ்சம் இங்கிலீஷ் இருக்கத்தான் செய்யும். பொண்ணு படிக்குதுல்ல, அதையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை ஒரு குடித்தனத்தையே என்ன பாடு படுத்தும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

நைனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போய்க் குந்திகினு இன்னான்னு கேப்பே? நெத்திலி ப்ளீஸா?" என்றார். அம்மா அவரைக் கண்டுகொள்ளாமல் என் பக்கம் திரும்பினாள். "உங்க புக்குல ஓட்டல் பாடம் எதுனா கீதா?"

இருந்தது. நான் ராயபுரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தேன். இங்கிலீஷ் புத்தகத்தில் கடைசிக்கு முந்தின பாடம், 'அட் த ரெஸ்டாரண்ட்'. இன்னும் வகுப்பில் நடத்தவில்லை. கோட்டுப் போட்ட அப்பா, குட்டை முடி வைத்த அம்மா, இரண்டு பிள்ளைகள், கையில் துண்டோடு ஒரு சர்வர் என்று படம் போட்டிருக்கும். பிரவுன் அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை நான் எடுத்து வைத்ததும் வீடே சுற்றி உட்கார்ந்துகொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை 'தண்ணி மொண்டாடி, இத்த கழுவுடி' என்று மட்டுமே என்னிடம் பேசியவர்கள் அவர்கள்.

எதிர் வீட்டு பாயின் மனைவியை அக்கா என்று கூப்பிடுவோம். அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். அக்கா அலமாரியிலிருந்து நீலக் கரை போட்ட பீங்கான் தட்டு, ஒரு ஸ்பூன், ஒரு முள் கரண்டி எல்லாம் எடுத்து வந்து கொடுத்தார். "பத்திரம்மா, தட்டு ஒடஞ்சா எங்க அண்ணன் என்னை ஒடச்சிடுவாரு" என்றார். முள் கரண்டியின் காம்பில் ஒரு நங்கூரம் செதுக்கியிருந்தது. அதன் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது. அப்படி ஒரு கனமான கரண்டியை அப்புறம் நான் எந்த ஓட்டலிலும் தொட்டதில்லை.

ட்ரங்க் பெட்டியின் மேல் போர்வையை விரித்து மேசையாக்கினோம். காலண்டரின் பின்பக்கத்தில் நான் மெனு கார்டு எழுதினேன். நைனா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சர்வர் ஆனார். முதலில் கிண்டலுக்குத்தான் செய்தார், போகப் போக அவருக்கே அதில் ஒரு மயக்கம் வந்துவிட்டது. கடலிலிருந்து வந்து குளித்ததும், "இன்னா, ஓட்டல் தொறக்கலாமா?" என்று அவரே கேட்பார். "வாட் வுட் யூ லைக் டு ஹேவ், மேடம்?" என்று குனிவார். அம்மா கேழ்வரகுக் களியை முள் கரண்டியால் குத்தித் தூக்குவாள். அது பாதி வழியில் நழுவித் தட்டில் விழும். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அம்மாவிடம் ஒரு குணம். எதையும் அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏலத்து மீன் மாதிரி புரட்டிப் பார்ப்பாள்.

"மே ஐ சீ த மெனு கார்டு" என்று நான் சொல்லிக்கொடுத்தால், "துட்டு குடுத்து துன்றவ நானு. நான் இன்னாத்துக்கு அவன்கிட்ட உத்தரவு கேக்கணும்?" என்பாள்.

"மரியாதைம்மா."

"சரி, கார்டைக் காட்டறான். மீனைக் காட்ட மாட்டானா?"

"மீன் உள்ளே இருக்கும்மா. பேர்தான் எழுதியிருக்கும்."

"வஞ்சிரம்னு எழுதிட்டா வஞ்சிரமா ஆய்டுமா? செவுளைத் தூக்கிப் பாக்காம எப்டிறீ வாங்குவாங்க? மெய்யாலுமே பெரிய மனுஷங்கதான்."

'நோ, தேங்க் யூ, ஐ ஆம் ஃபுல்' அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "வவுறு ரொம்பிச்சின்றத சொல்ல தனியா ஒரு பேச்சு வெச்சிகீறாங்க பாரேன். அப்போ அவங்களுக்கு டெய்லி ரொம்புது போல" என்றாள். அதற்கப்புறம் பழைய சோறு சாப்பிட்டாலும் ஏப்பம் விட்டுவிட்டு, "ஐ ஆம் ஃபுல்" என்பாள். சந்து முழுக்க அது பரவி, சின்னப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

கடைசி வாக்கியத்துக்கு வந்தோம். சர்வர் 'ஹவ் ஈஸ் த ஃபுட்?' என்று கேட்பார். 'இட் ஈஸ் வெரி நைஸ், தேங்க் யூ சார்' என்று பதில் சொல்ல வேண்டும்.

அம்மா யோசித்தாள். "நல்லா இல்லன்னா இன்னா சொல்றது?"

நான் புத்தகத்தை இப்படியும் அப்படியும் புரட்டினேன். அதற்கு வாக்கியம் இல்லை. அடுத்த நாள் பள்ளியில் டீச்சரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்து, "யாராவது கேட்டால் வெரி நைஸ் என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் நாகரிகம்" என்றார். அதை அப்படியே வந்து சொன்னேன்.

"அப்போ இன்னாத்துக்குக் கேக்கறான்?" என்றாள் அம்மா.

அந்தக் கேள்வி அவளுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரிய வேண்டுமானால் எங்கள் கரைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மீன் விற்கிற பெண்கள் அடுத்தவள் கூடையைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவளின் மீன் அழுகி ஒழுகினாலும் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருப்பார்கள். அது அவள் பிழைப்பு. ஆனால் வாங்க வந்தவர் நேராகத் திரும்பி, "நீ சொல்லு, இது எப்படி?" என்று கேட்டுவிட்டால், பொய் சொல்லக் கூடாது. கேட்காமல் சொல்வதும் தப்பு, கேட்டபின் மறைப்பதும் தப்பு. இந்த இரண்டையும் மீறாதவள் என்றுதான் கரையில் அம்மாவுக்குப் பேர். அந்தப் பேரைப் பார்த்துத்தான் ஓட்டல் சார் வந்திருந்தார். அப்போது எனக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. நான் வாக்கியம் மனப்பாடம் ஆகிவிட்டதா என்பதை மட்டும் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா புளியும் எலுமிச்சம்பழத் தோலும் வைத்து முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தோல் சிவந்துபோனது. "நாறுதா பாரு" என்று உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இல்லை என்றேன். மறுபடியும் கழுவினாள். கல்யாணப் பட்டுப்புடவை, காலில் அக்கா கொடுத்த செருப்பு. எனக்குப் பள்ளிச் சீருடை, அதுதான் இருந்ததில் நல்ல துணி. பாரிஸ் கார்னர் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். வழி நெடுக அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது.

ஓட்டல் கூடம் குளிர்ச்சியாக இருந்தது. விளக்கு மங்கல். மேசை மேல் துணியைப் பூ மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் நான் தொடவே இல்லை. பச்சைப் பெல்ட் கட்டின சர்வர் வந்து நின்றார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மே ஐ சீ த மெனு கார்டு?" என்றாள். தெருவில் மீன் கூவுகிற குரல் அல்லவா, நாலு மேசை திரும்பிப் பார்த்தது. ஒரு எழுத்துத் தப்பவில்லை. எனக்கு நெஞ்சு விம்மியது.

"முதலாளி சொல்லிட்டாரும்மா. சாப்பாடும் வஞ்சிரம் வறுவலும் கொண்டாறேன்" என்றார் சர்வர், நல்ல தமிழில்.

அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதோடு சரி.

வறுவல் வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு, சிவப்பு மசாலா, மேலே எலுமிச்சை வில்லை, சுற்றி வெங்காய வளையம். நான் முள் கரண்டியை எடுத்தேன். அம்மா ஒரு விரலால் தன் துண்டை அழுத்தினாள். ஏதோ கீழே விழுந்ததைப் பார்ப்பதுபோலத் தட்டின் மேல் குனிந்து நிமிர்ந்தாள். முகம் மாறிவிட்டது. என் தட்டிலிருந்த துண்டை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"முள்ளு கீது. நீ சோறு துன்னு."

"வஞ்சிரத்துல ஏதும்மா முள்ளு? நடுவுலதானே ஒண்ணு?"

"கம்முனு துன்னு."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் நடுத்துண்டை எப்போதும் எனக்கு வைப்பவள், ஓட்டலுக்கு வந்ததும் பிடுங்கிக்கொள்கிறாளே என்று நினைத்தேன். அவளும் தின்னவில்லை. இரண்டு துண்டையும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, மோர்ச் சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள். தூணுக்குப் பக்கத்தில் ஓட்டல் சார் எங்களையே பார்த்தபடி நின்றார்.

முதலாளி வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, மெதுவான ஆள். ஒவ்வொரு மேசையிலும் நின்று பேசிவிட்டு எங்களிடம் வந்து, அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"ஹவ் ஈஸ் த ஃபுட்?"

அம்மா அவரைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். விரலைத் துடைத்துக்கொண்டாள். உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை. ஐயோ, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டு வாரம் ட்ரங்க் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து படித்ததெல்லாம் போச்சு, கூடை மறுபடியும் தலையில் ஏறப்போகிறது என்று எனக்குப் பதறியது. வகுப்பில் எழுந்து நிற்கிற மாதிரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"இட் ஈஸ் வெரி நைஸ், தேங்க் யூ சார்!"

கூடமே திரும்பியது. பக்கத்து மேசையில் ஒரு அம்மாள் கை தட்டினார். முதலாளி சிரித்து, எந்த ஸ்கூல் என்று கேட்டார். அதற்கும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன். பிறகு அவர் பார்வை தட்டுக்குப் போனது.

"மீன் அப்படியே இருக்கே?" என்றார் தமிழில், அம்மாவிடம்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அவள் தட்டை முன்னால் இழுத்தாள். முள் கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கையாலேயே ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றாள். அது முடிந்ததும் அடுத்த துண்டு. தோலைக்கூட விடவில்லை. முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு "சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். தூணோரம் நின்ற ஓட்டல் சாரின் முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கு அதுவும் புரியவில்லை. பாஸ் ஆகிவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

பாரிஸ் கார்னரில் பஸ் மாறும்போது அம்மா சுவரோரம் போய் வாந்தியெடுத்தாள். பட்டுப்புடவை நனைந்தது. "பஸ்ஸு ஒத்துக்கல" என்றாள். வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை, இரண்டு நாள் பாயை விட்டு எழவில்லை. பழக்கமில்லாத எண்ணெய் என்றார் டாக்டர். கண் பட்டுவிட்டது என்று அக்கா மிளகாய் சுற்றிப் போட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

மூன்றாம் நாள் நைனா கரையிலிருந்து வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். டீக்கடையில் ஓட்டல் சார் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், அது வாய் மாறி வந்ததில் 'வெரி நைஸ்' என்றது அம்மா என்றே நைனா காதில் விழுந்திருந்தது. நாங்கள் போவதற்கு முன்பே நாலைந்து நாளாக மீன் சரியில்லை என்று சாப்பிட வருகிறவர்கள் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவரை மீன் போட்டுவந்தவனோ புது மீன் என்று சாதித்தான். மீன் தெரிந்தவள் ஒருத்தி தின்று பார்த்துச் சொல்லட்டும், சொன்னால் அன்றைக்கே ஆளை மாற்றிவிடலாம் என்று முதலாளி இருந்தாராம். அவர் கேட்ட கேள்வி சம்பிரதாயக் கேள்வி இல்லை, நிஜமாகவே கேட்டிருக்கிறார். கெட்ட மீனை நல்ல மீன் என்று தின்கிறவளிடம் எப்படி வாங்குவது என்று முடித்துவிட்டார்.

"ஏம்மே, நாறின மீனைத் துன்னுட்டு வெரி நைஸ்னியாமே! நீயெல்லாம் ஒரு மீன்காரியா? இங்கிலீஷ் பேசற குஷில நாக்கை அங்கியே வெச்சிட்டு வந்துட்டியா? கரைல என் மூஞ்சியில காறித் துப்பறானுங்கமே!"

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "ஆமா. பயத்துல வாயில வந்துட்ச்சி."

நான் வாசற்படியில் அந்தப் பிரவுன் அட்டைப் புத்தகத்தோடு நின்றிருந்தேன். 'நான்தான் சொன்னேன் நைனா' என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் என்றது இதைத்தான்.

கரையில் அம்மாவுக்கு 'வெரி நைஸ்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். "இன்னாமே வெரி நைஸ், இன்னிக்கு மீனு எப்டி கீது?" என்று ஏலத்தில் கூப்பிடுவார்கள். அவள் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பாள். பள்ளிக்குப் போகிற வழியில் அந்தச் சிரிப்பு காதில் விழுந்தால் நான் ஓட்டமாக ஓடிவிடுவேன். பீங்கான் தட்டும் கரண்டிகளும் எதிர் வீட்டுக்குத் திரும்பிப் போயின. புத்தகத்தை வருஷக் கடைசியில் பழைய பேப்பர்காரனிடம் போட்டேன். கூடை மட்டும் போகவில்லை. எனக்கு ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை கிடைக்கும் வரைக்கும், இன்னும் பதினாலு வருஷம் அம்மா அதைத் தலையில் சுமந்தாள். வேலைக்கான நேர்முகத்தில் நாலு பேர் எதிரே உட்கார்ந்து இங்கிலீஷில் கேட்டார்கள். நான் தடங்கலில்லாமல் பதில் சொன்னேன்.

நைனா போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது. அம்மா இப்போது திருவொற்றியூரில் என்னோடு இருக்கிறாள். டாக்டர் சொன்னது பலித்துவிட்டது, கழுத்து நிமிராது. யாரையும் அண்ணாந்து பார்க்க முடியாது. போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், அவள் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, முகம் தெரியாமல் பின்னால் உட்கார்ந்திருக்கிற தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"அம்மா, அன்னிக்கு ஓட்டல்ல நீ இன்னா சொல்ல வாயைத் தொறந்தே?"

எந்த ஓட்டல் என்று அவள் கேட்கவில்லை.

"மீனு கெட்டுப்போச்சு சார்னு சொல்லலாம்னு கீறேன். நீ முந்திகினே."

"அப்பால சொல்லியிருக்கலாமே? கொழந்தை தெரியாம சொல்லிட்ச்சினு?"

"சொல்லலாம். கூடமே உன்னைத் திரும்பிப் பாத்துகினு கீது. ஒரு பொம்பள கை தட்றா. அந்த நேரத்துல, இல்ல சார், இவ சொல்றது பொய்னு நான் சொன்னேன்னா, அப்பால எந்த எடத்துலனா நீ வாயைத் தொறந்திருப்பியாடி?"

என்னால் தேய்க்க முடியவில்லை.

"நைனாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"அவரு புக்கைக் கிழிச்சிப் போட்டிருப்பாரு. ஸ்கூலை நிறுத்தியிருப்பாரு. உனக்குத் தெரியாது அவரை."

நான் அழுதேன். அறுபது வயசில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். "நான்தாம்மா சொன்னது. நான் கம்முனு நின்னதால உன் கழுத்து போச்சேம்மா" என்றேன்.

"இன்னாத்துக்கு இப்ப ஒப்பாரி? கழுத்து என்னுதுதான" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் கீழ தேய்."